எட்டாவது சாண்

பேய்க் கதை என்றால் ராத்திரி வேண்டும், மழை வேண்டும், கரண்ட் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது முழுக்கப் பட்டப்பகலில் நடந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், பஸ் ஓடுகிற ரோட்டில், நாலு பேர் பார்க்க நடந்தது. நான் அச்சாபீஸ் வைத்திருப்பவன். மையும் மிஷின் சத்தமும்தான் என் பிழைப்பு. உட்கார்ந்து புளுக எனக்கு நேரம் கிடையாது. அந்த எட்டுப் படங்களையும் என் கையால் தொட்டிருக்கிறேன். எட்டாவது படத்தின் கிழிசலுக்குப் பின்பக்கம் காகிதம் ஒட்டியவனே நான்தான்.

படங்களை வரைந்தவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனாலும் எனக்கும் அக்காதான். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வாயைத் திறந்தால் பட்டாசு. ஆனால் பேனாவை எடுத்துக் கோடு போட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பழைய கட்டடங்களைக் கறுப்பு மையில் கல் கல்லாக வரைவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஒரு பதிப்பாளர் அவளிடம் பெரிய வேலை ஒன்றைக் கொடுத்தார். ஒரு பழைய புண்ணிய நகரம். ஆயிரக்கணக்கான வருடங்களாக ஜனங்கள் நடந்தே போய்க் கும்பிட்ட ஊர். அங்கே எட்டுக் கட்டடங்கள். தெற்கு வாசல், குளத்துப் படிகள், யாத்திரிகர் சத்திரம் என்று ஆரம்பித்து மணிக்கூண்டு வரைக்கும். எட்டுக்கும் எட்டுப் படம். அதுதான் புத்தகம்.

துணைக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள். கூடப் பிறந்தவன். ஆள் குள்ளம், லேசாகத் தொப்பை. அதனால் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு 'அரைப்படி' என்று பெயர். அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயது. அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவனுக்காகத்தான் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை என்று சிலர் சொல்வார்கள். அவள் காதுபடச் சொன்னால் உதை விழும்.

கிளம்புகிற அன்று அரைப்படியின் பெண்டாட்டி வாசல் வரைக்கும் வந்தாள். ஐந்து மாத வயிறு.

"அண்ணி, எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ, அப்படியே முழுசா கொண்டு வந்து விடுங்க" என்றாள்.

"இருக்கறதே அரை. இதுல முழுசுக்கு நான் எங்க போவேன்?" என்றாள் அக்கா. மூன்று பேரும் சிரித்தார்கள்.

தம்பிக்கு அங்கே என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், முக்கியம். டேப் பிடிப்பான். குடை பிடிப்பான். அப்புறம் கட்டடத்தின் அடியில் போய் நிற்பான். ஒரு கோபுரத்தை மட்டும் தனியாக வரைந்தால் அது பத்தடியா நூறடியா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. அதனால் கீழே ஒரு சின்ன மனிதனை வரைந்து விடுவார்கள். எங்கள் தொழிலில் அதை 'அளவாள்' என்போம். அந்த ஆளை வைத்துத்தான் கண் மீதியை அளந்துகொள்ளும். அக்காவின் படங்களுக்கு வழக்கமாகத் தம்பிதான் அளவாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஏதோ அந்தக் கட்டடத்தையே விலைக்கு வாங்க வந்தவன் மாதிரி நிற்பான்.

முதல் நாள் தெற்கு வாசல். பெரிய கல் வாசல், ஆள் நடமாட்டம் அதிகமில்லை. அக்கா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பி வாசலுக்குக் கீழே நின்றான்.

பதினோரு மணி இருக்கும். தொப் என்று ஒரு சத்தம். ஈரத் துணியைக் கட்டையால் அடிக்கிற மாதிரி. ஒரே ஒரு தடவை.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லக்கா... கால்ல எறும்பு" என்றான் தம்பி. ஆனால் அவன் முகம் கோணிப்போயிருந்தது.

மத்தியானம் லாட்ஜ் அறையில் கணக்குப் பார்த்தாள். வாசலின் உயரம் டேப்பில் எடுத்தது இருக்கிறது. அதை வைத்துப் படத்தில் நிற்கிற ஆளின் உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். பார்த்தாள். ஆறரை அடி வந்தது.

தம்பி ஐந்தடி நாலு அங்குலம். கால் கட்டை விரலில் நின்றால் ஐந்தரை.

"டேய், கல்லு மேல ஏறி நின்னியா?"

"ஏறினாலும் நான் ஆறரை வர மாட்டேன்க்கா. உனக்குக் கண்ணாடி மாத்தணும்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபது வருடமாக அவள் கண் ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. அடுத்த நாள் குளத்துப் படியில் இன்னும் கவனமாக வரைந்தாள். ஆறரை. மூன்றாம் நாள் சத்திரத்து வாசலில் தம்பியை இரண்டு தடவை டேப்பால் அளந்துவிட்டு வரைந்தாள். அப்போதும் ஆறரை. போடா என்று விட்டுவிட்டாள். படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நெட்டையான ஆள் நின்றதில் கட்டடத்துக்கே ஒரு களை வந்திருந்தது.

ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தம் கேட்டது. தொப். ஒரு நாளைக்கு ஒன்று. யாரோ துணி துவைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நாலாம் நாள் விளக்குத் தூணுக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. அன்றைக்குத் தம்பி தூணின் மேடையிலிருந்து உருண்டு விழுந்தான். கால் தடுக்கிவிட்டது என்றான். யாராவது இடுப்புக்குக் கீழே எட்டி உதைத்தால்தான் மனிதன் அப்படி விழுவான். அக்கா அதைப் பார்க்கவில்லை. குனிந்து மை தொட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவன் நொண்டினான். அறைக்கு வந்தால் முழுக்கால் சட்டையைக் கழற்றுவதே இல்லை. குளிக்கப் போனால் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வான்.

"என்னடா, புதுசா வெட்கம்?"

"கல்யாணம் ஆனவன்க்கா நான். மரியாதை குடு."

இன்னொரு சின்ன விஷயம். லாட்ஜுக்குக் கீழே ஒரு கடை. தண்ணீர் பாட்டில், சோப்பு, ஊர்ப் படம் போட்ட தபால் அட்டை எல்லாம் விற்கும் ஓர் அம்மாள். அக்கா அந்த அட்டைகளைத் தொழில் கண்ணோடு புரட்டினாள். எட்டுக் கட்டடமும் இருந்தது. பழைய காலத்துப் படம், புதுப் படம், வரைந்தது, போட்டோ எடுத்தது, எல்லாம் இருந்தது. எதிலும் ஒரு மனிதன் இல்லை. ஆயிரம் பேர் நடமாடுகிற படியில் ஒரு குழந்தை கூட இல்லை. 'இந்த ஊர்க்காரனுக்கு அளவே தெரியலை' என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஏழாம் நாள். பிரார்த்தனைக் கூடம். வட்டக் கூரை, அகலமான படிகள், வெள்ளைக் கல்லில் வெயில் பட்டுக் கண் கூசியது. தம்பி மூன்றாம் படியில் நின்றான். இடுப்பில் கை வைக்கவில்லை. வைக்க முடியவில்லை போல. அவன் உதடு வெளுத்திருந்தது.

மணி 12:10. கூடத்துக் கடிகாரம் எதிரிலேயே இருந்ததால் அவளுக்கு நினைவிருக்கிறது.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவன் சட்டை அசைந்தது. காற்று இல்லை.

மார்புப் பக்கம் துணி உள்ளே அமுங்கியது. ஒரு பள்ளம். கட்டை விரல் அளவு.

அப்புறம் தோள்பட்டையில் இன்னொரு பள்ளம். சின்னது. சுண்டு விரல் அளவு.

நடுவில் மூன்று.

ஒரு கை... விரித்து வைத்த கை. கீழேயிருந்து மேலே சாண் போட்டு அளக்கிற கை. ஆனால் அங்கே யாரும் இல்லை.

"டேய்!" என்று கத்தினாள்.

தொப்.

கூடவே காய்ந்த விறகு முறிகிற சத்தம். தம்பி படியில் பக்கவாட்டில் எகிறி விழுந்தான். அலறக் கூட வாய் வரவில்லை. விழுந்தவனை விடவில்லை. மறுபடி தொப். தோளில் அதே இடத்தில். மறுபடி. சட்டையில் ரத்தம் பரவியது.

அக்கா பலகையைப் போட்டுவிட்டு ஓடினாள். கையில் அகப்பட்டது குடைதான். தம்பிக்கு மேலே இருந்த வெறும் காற்றை ஓங்கி அடித்தாள். குடை எதிலோ பட்டது. சதையில் படுகிற மாதிரி மெத்தென்று பட்டது. அடுத்த நொடி அது அவள் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. கம்பி கம்பியாக வளைந்து நாலாம் படியில் போய் விழுந்தது.

அதோடு நின்றது. படியில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சட்டையையும் கால்சட்டையையும் கத்தரித்தார்கள். அப்போதுதான் அக்கா பார்த்தாள். குதிகாலிலிருந்து தோள் வரைக்கும் ஏழு காயங்கள். ஏணிப் படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்று. கீழே உள்ளது பச்சையும் மஞ்சளுமாக ஆறத் தொடங்கியிருந்தது. இடுப்புக்கு மேலே உள்ளதெல்லாம் கறுத்து வீங்கியிருந்தது. விலாவில் ஒன்று விரிசல். தோள் எலும்பு இரண்டு துண்டு.

டாக்டர் தன் கையை விரித்து ஒரு காயத்தின் மேல் வைத்துப் பார்த்தார். அவர் கை பத்தவில்லை.

"யார் அடிச்சது? ஒரு வாரமா அடிச்சிருக்காங்க. போலீஸ்ல சொல்லணும்" என்றார் அக்காவை முறைத்து. அவள்தான் அடித்தாள் என்றே நினைத்திருப்பார்.

அக்கா தம்பியின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். கட்டோடு படுத்திருக்கிறவனை. அப்புறம் அவன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏண்டா சொல்லலை?"

"சொன்னா என்னை அனுப்பிடுவே. தனியா நீ என்ன பண்ணுவே?... தினமும் ஒரு சாண்க்கா. ஒரு கை வரும். சில்லுன்னு இருக்கும். நேத்து விட்ட இடத்துலேருந்து இன்னிக்கு ஆரம்பிக்கும்."

பிறகு சிரிக்கப் பார்த்தான்.

"எண்சாண் உடம்புக்கு சிரசே பிரதானம்னு சொல்வாங்கல்ல? ஏழு முடிஞ்சுது."

மிச்சம் இருந்தது ஒரு சாண். தலை.

மறுநாள் காலையிலேயே அவனை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். பஸ் ஏறும் முன் தண்ணீர் வாங்கக் கடைக்குப் போனார்கள். அந்த அம்மாள் தம்பியின் மாவுக்கட்டைப் பார்த்தாள், அக்காவின் தோளில் தொங்கிய பலகையைப் பார்த்தாள்.

"படத்துல ஆள் போட்டியா?"

அக்கா தலையாட்டினாள்.

"எங்க ஊர்ல போட மாட்டோம்."

"ஏன்? சொல்லித் தொலைங்களேன்."

"எனக்கென்ன தெரியும், மாமியார் சொல்லிக் கேட்டதுதான். இதையெல்லாம் கட்டினப்ப டேப்பா இருந்துச்சு? ஒரு ஆளைப் பிடிச்சு அவன் உடம்பைத்தான் அளவா வச்சாங்களாம். அவன் சாண்தான் கணக்கு. எட்டுக் கட்டடமும் அந்த ஒருத்தன் அளவு. கடைசியா மணிக்கூண்டு. அது முடிஞ்சதும் அவனை அடிச்சே கொன்னுட்டாங்க. கால்லேருந்து ஆரம்பிச்சு, சாண் சாணா."

"எதுக்கு?"

"அளவு வேற ஊருக்குப் போயிடக் கூடாதே" என்றாள் அந்த அம்மாள், சில்லறையை எண்ணிக்கொண்டே. "நிஜமோ பொய்யோ. ஆள் போட்ட படத்தை நாங்க விக்கிறதில்ல, அவ்வளவுதான்."

பத்து மணி பஸ். தம்பியை ஜன்னலுக்கு அடுத்த சீட்டில் உட்கார வைத்தாள். ஜன்னலோரத்தில் யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அவள் அந்த ஆளைக் கவனிக்கவில்லை. அவளுக்குத் தம்பியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. வழியிலயும் பண்ணு."

"நீயும் வந்துடேன்க்கா."

வந்திருக்கலாம். வந்திருக்க வேண்டும். ஆனால் முந்தின நாளே பதிப்பாளர் போனில் சொல்லிவிட்டார், ஏழு படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, எட்டு இருந்தால்தான் புத்தகம் என்று. அதைவிட அவளுடைய பிடிவாதம் ஒன்று இருக்கிறதே. வேலையை அரைகுறையாக விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. ஆள் போட்டால்தானே வினை? போடாமல் வரைந்துவிட்டுப் போகிறேன். அவனும் ஊரில் இல்லை. என்ன ஆகிவிடும்? அப்படித்தான் நினைத்தாள். பட்ட காலிலே படும் என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

மணிக்கூண்டு ஒல்லியாக, உயரமாக நின்றது. உச்சியில் மணி தொங்கியது, ஆனால் அதற்கு நாக்கு இல்லை. எப்போதோ கழற்றிவிட்டார்களாம். சுற்றிலும் வெறும் கல்தளம். ஆள் யாரும் இல்லை. வெயில் நேர் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

வேகமாக வரைந்தாள். உச்சியிலிருந்து ஆரம்பித்து, கல் கல்லாக, கீழே கீழே வந்தாள். வாசலுக்கு வந்தாள். வாசலின் இருட்டுக்கு நெருக்கமாகக் கோடு போட்டாள். மனம் பஸ்ஸில் இருந்தது. இப்போது பாலம் தாண்டியிருப்பானா... சாப்பிட்டானா...

கொஞ்சம் தள்ளிப் பிடித்து முழுப் படத்தையும் பார்த்தாள்.

வாசலில் ஓர் ஆள் நின்றான்.

குள்ளம். லேசான தொப்பை. இடுப்பில் ஒரு கை.

இருபது வருடப் பழக்கம். கை தானாக வரைந்திருந்தது.

அவள் நிமிர்ந்து நிஜ வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. குனிந்து படத்தைப் பார்த்தாள். மை இன்னும் காயவில்லை.

பிளேடை எடுத்தாள். மையைச் சுரண்டி எடுத்துவிடலாம், அதுவும் தினமும் செய்கிற வேலைதான். காலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு சுரண்டல்.

போன் அடித்தது. மணி 11:52.

"அக்கா!... அக்கா, காலு! யாரோ கத்தி வச்சு அறுக்கற மாதிரி..."

பிளேடு கையிலிருந்து விழுந்தது.

"எங்கடா இருக்கே?"

"பஸ்லதான்... அக்கா, அந்தக் கை வந்துடுச்சு. தோள்ல இருக்கு. கழுத்துக்கு ஏறுது..."

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். சுரண்டவும் முடியாது, விடவும் முடியாது. என்ன செய்வது, என்ன செய்வது...

பேனாவை மறுபடி எடுத்தபோது அவள் வலது கை மேல் ஒரு கை விழுந்தது.

சில்லென்று. கனமாக. அவள் கை முழுவதையும் மூடுகிற அளவு பெரியதாக.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் விரல்கள் மட்டும் வெளுத்து நசுங்கின. பேனாவைப் பிடித்தபடியே கை நகர்ந்தது. படத்தின் மேல். வாசலை நோக்கி. அந்தச் சின்ன மனிதனின் தலையை நோக்கி.

இடது கையால் பிடித்து இழுத்தாள். நகங்கள் பிய்ந்தன. கையைக் கடித்தாள். தன் கையையே. ரத்தம் படத்தில் சொட்டியது. பேனா நிற்கவில்லை. அங்குலம் அங்குலமாகப் போனது.

"அக்கா... காதுக்கு வந்துடுச்சு... அக்கா..."

அந்த நொடியில் அவளுக்கு ஒன்று விளங்கியது. தலை போகத்தான் போகிறது. அதை அவளால் தடுக்க முடியாது. அது யாருடைய தலை என்பது மட்டும்தான் அவள் கையில் இருந்தது.

இடது கையால் இன்னொரு பேனாவை எடுத்தாள். அவளுக்கு இடது கையும் வரும்.

குள்ளனை நெட்டையாக்கினாள். காலை நீட்டினாள். தொப்பையை மறைத்துத் தோளை அகலமாக்கினாள். இடுப்பில் இருந்த கையைத் தொங்கவிட்டாள். தலையில் ஒரு தொப்பி. குறுக்கே ஒரு பை, வார் போட்ட பை. பேனா நடுங்கிப் பெரிய மைத்துளி ஒன்று வலது கால் மேல் விழுந்தது. அதை அப்படியே கறுப்பு ஷூவாக இழுத்தாள். இடது காலுக்கு நேரம் இல்லை. அது வெறுங்காலாக நின்றது.

"யாரோ! யாரோ ஒருத்தன்!" என்று அந்த வெற்றுத் தளத்தில் கத்தினாள். "என் தம்பி இல்ல! வேற யாராவது!"

வலது கை இறங்கியது.

பேனா முள் தலையில் குத்தியது. குத்தி இழுத்தது. மறுபடி. மறுபடி. காகிதம் கிழிந்தது. பலகை வரைக்கும் இறங்கியது. கோடு கோடாக, குறுக்கும் நெடுக்குமாக...

போனில் தொப் என்று கேட்டது.

அப்புறம் மண்பானை உடைகிற சத்தம்.

அப்புறம் பஸ் முழுக்க அலறல்.

மேலே நாக்கில்லாத மணி ஒரு தடவை அடித்தது.

கை விலகியது.

"டேய்... டேய் தம்பி... சொல்லுடா, ஏதாவது சொல்லுடா..."

ரொம்ப நேரம் அலறல் மட்டும்தான். பிறகு மூச்சு வாங்குகிற சத்தம்.

"அக்கா... நான் இருக்கேன்."

அவள் தரையில் விழுந்து சிரித்தாள். அழவில்லை, சிரித்தாள். வாயெல்லாம் ரத்தத்தோடு, கடவுளே கடவுளே என்று சொல்லிச் சிரித்தாள். தம்பி சொன்ன அடுத்த வாக்கியம் அவள் காதில் விழவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"பக்கத்துல இருந்தவரு செத்துட்டாருக்கா. தலை... தலையே இல்லக்கா."

போலீஸ் வந்தது, விசாரித்தது. பஸ் நேர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. எதிரே வண்டி வரவில்லை. கல் விழவில்லை. ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தது, அதில் ஒரு கீறல் கூட இல்லை. உள்பக்கம் முழுக்க ரத்தம். தம்பியின் மாவுக்கட்டு முழுக்க ரத்தம். நாற்பது பேர் இருந்த பஸ்ஸில், ஒருவர் தலை மட்டும் தடியால் பலமுறை அடித்த மாதிரி நொறுங்கியிருந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

தம்பி ஊருக்கு வந்து சேர்ந்தான். நாலு மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. தோள் சேர்ந்துவிட்டது, கை மட்டும் முழுசாகத் தூக்க வராது. இப்போது என்னிடம்தான் வேலை பார்க்கிறான். ஜன்னலோர ஆள் எப்படி இருந்தான் என்று அக்கா அவனிடம் ஒரு தடவை கேட்டாள். நெட்டை, என்றான். தொப்பி, குறுக்கே வார் பை. ஒரு காலில் கறுப்பு ஷூ, இன்னொரு காலில் பேண்டேஜ், வெறுங்கால். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாராம். வழி முழுக்கத் தம்பியின் கட்டைப் பார்த்து, நமக்குள்ள ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முழு ஆள் தேறும் என்று ஜோக்கடித்துக்கொண்டே வந்தாராம்.

அக்கா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

எட்டாவது படத்தை அவள் எரிக்க நினைத்தாள். தீக்குச்சியைக் கிழித்துவிட்டுப் பயந்து அணைத்தாள். இதை எரித்தால் எங்கே யார் எரிவார்களோ? அப்படியே பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டாள். அவரிடமிருந்து அது எனக்கு வந்தது. நான்தான் பின்பக்கம் காகிதம் ஒட்டிச் சரி செய்தேன். அச்சில் பார்த்தால் கிழிசல் தெரியாது. வாசலின் நிழல் அந்த ஆளின் முகத்தில் விழுந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அருமையான நிழல் என்று ஒரு பத்திரிகையில் எழுதக்கூடச் செய்தார்கள்.

புத்தகம் வந்து சில மாதம் ஆகியிருக்கும். ஒரு காலை நேரம். அக்கா வேறு ஒரு வேலையாக அச்சாபீஸுக்கு வந்திருந்தாள். இப்போதெல்லாம் அவள் இலை, பூ, பறவை மட்டும்தான் வரைகிறாள். தம்பி உள்ளே காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தான். ஓர் இளம்பெண் அந்தப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நல்ல உயரம்.

"இதை வரைஞ்சவங்களைப் பாக்கணும். பதிப்பாளர் இங்க கேக்கச் சொன்னாரு."

"நான்தான்" என்றாள் அக்கா.

பெண்ணின் முகம் மலர்ந்தது. புத்தகத்தைப் பிரித்தாள். எட்டாவது படம்.

"இது எங்க அப்பா."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் நிறுத்தினேன்.

"லைப்ரரியில பாத்தேன்க்கா. பாத்ததும் தெரிஞ்சுது. இந்தத் தொப்பி, இந்தப் பை. கடைசியா அவருக்கு ஒரு கால்லதான் ஷூ. நிக்கறது கூட அவரு மாதிரியே. ஆனா அப்பா அந்த ஊருக்குள்ள ஒரு நாளும் போனதில்லையே? எங்க சித்தி வீடு ஊருக்கு வெளில, பஸ் ஸ்டாண்டு பக்கம். அங்க வந்துட்டுப் பஸ் ஏறினவர்தான். நீங்க எங்க பாத்தீங்க அவரை?"

அக்கா உள்ளே இருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா எவ்வளவு உயரம்மா?" என்று நான்தான் கேட்டேன். எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"ஆறரை அடி" என்றாள் அந்தப் பெண், பெருமையாக.

அக்கா என் பக்கம் திரும்பினாள். ஆறரை. முதல் நாள் தெற்கு வாசலில் வந்த அதே கணக்கு. இடது கையால் அவள் அந்த ஆளை நெட்டையாக்கியதற்கு ஏழு நாள் முன்பே வந்த கணக்கு. அப்படியானால் அவள்தான் அவரைத் தேர்ந்தெடுத்தாளா... இல்லை, அவர் முதலிலிருந்தே அங்கே நின்றுகொண்டிருந்தாரா? இன்றுவரை எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

அந்தப் பெண் எதையும் கவனிக்கவில்லை. கோடு கோடாகக் கிடந்த அந்த முகத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு உதவி கேக்கலாமாக்கா? கடைசியா அவரு முகத்தை எங்களுக்குக் காட்டவே இல்ல. மூடியே குடுத்துட்டாங்க. இதுலயும் நிழல் விழுந்துடுச்சு. நீங்க நேர்ல பாத்திருக்கீங்கல்ல..."

பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தாள்.

"மறுபடி ஒரு தடவை வரைஞ்சு குடுங்கக்கா. முழுசா வேண்டாம். தலை மட்டும் போதும்."